மலையில் சுமையோடு சைக்கிள்: 34/28 கியர் போதுமா, ரிம் பிரேக் தாங்குமா?

சமவெளிக்காரன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். மலையும் பள்ளத்தாக்குமாக மாறி மாறி வரும் ஒரு கிராமப்புறப் பாதையில் ஆறு நாள் சைக்கிள் பயணம் திட்டமிட்டிருக்கிறேன். பெரும்பாலும் ஒடுக்கமான தார் ரோடு, அங்கங்கே சில கிலோமீட்டர் மண்பாதை. சமவெளியில் சுமையோடு ஒரு நாளைக்கு 120 கிமீ ஓட்டும் பழக்கம் உண்டு. மலைதான் புதிது.

வண்டி: குரோமோலி (இரும்புக் கலவை) ஃபிரேம், 700×32 டயர், முன்னால் 50, 34 பல் உள்ள இரண்டு ரிங், பின்னால் 11 முதல் 28 பல் வரை 10 ஸ்பீட் கேசட் (பல்சக்கர அடுக்கு), கேண்டிலீவர் ரிம் பிரேக் (சக்கரத்தின் ரிம்மை இரு பக்கமும் கட்டையால் பிடிக்கும் வகை). என் எடை 70 கிலோ, வண்டி 13, தண்ணீரையும் சேர்த்து சாமான் 17. மொத்தம் 100.

பாதையை வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் தினமும் 70 கிமீ, ஏற்றங்களை மட்டும் கூட்டினால் 1400–1500 மீட்டர் வருகிறது. மிக நீளமான ஏற்றம் 14 கிமீ, அதில் 1050 மீட்டர் உயரம். சில இடங்களில் சரிவு 12 சதவீதம் என்று காட்டுகிறது.

நான்கு சந்தேகங்கள். இந்தக் கியர் போதுமா? நீண்ட இறக்கத்தில் ரிம் பிரேக் சூடாகி டியூப் வெடிக்கும் என்கிறார்களே, எந்த அளவுக்கு உண்மை? தினம் 70 கிமீ சரிதானா? என்னென்ன உதிரி சாமான் எடுத்துப்போவது? கூடவே ஒன்று: சுமை ஏற்றி ஒரு சரிவில் விட்டுப் பார்த்ததில் 40 கிமீ வேகத்தைத் தாண்டியதும் ஹேண்டில் ஆட ஆரம்பிக்கிறது. சாமான் முழுக்கப் பின் கேரியரில்தான் இருக்கிறது.

---

பல்சக்கரம்

கியருக்கு மட்டும் பதில் சொல்றேன், மத்ததை மத்தவங்க பார்த்துப்பாங்க.

34/28, அதாவது முன்னால 34 பல், பின்னால 28 பல், போதாது. கால் பலத்தைக் குறை சொல்றதா எடுத்துக்காதீங்க, கணக்கே அப்படித்தான் வருது. 700×32 சக்கரம் ஒரு சுத்துக்கு 2.15 மீட்டர் போகும். 34/28-ல பெடல் ஒரு முழுச் சுத்து வந்தா வண்டி 2.6 மீட்டர் நகரும். நிமிஷத்துக்கு 60 சுத்து மிதிச்சா மணிக்கு 9.4 கிமீ. உங்க 14 கிமீ ஏத்தத்தோட சராசரி சரிவு 7.5 சதவீதம். 100 கிலோவை அந்தச் சரிவுல அந்த வேகத்துல ஏத்த சுமார் 220 வாட் வேணும். நல்லா பழகின 70 கிலோ ஆள் நாள் முழுக்க, அடுத்தடுத்த நாளும், கொடுக்கக்கூடியது 120-லேர்ந்து 150 வாட்.

"மெதுவா மிதிச்சுட்டுப் போறேன்"னு சொல்லலாம். 40 சுத்துக்கு இறங்கினா வாட் 150-க்குள்ள வந்துடும்தான். ஆனா ஒவ்வொரு மிதியிலயும் முட்டி வாங்குற அழுத்தம் துளிகூடக் குறையாது. அழுத்தத்தை முடிவு பண்றது சரிவும் எடையும் கியரும்தான். சுத்து குறைஞ்சா அதே அழுத்தத்தைக் கூடுதல் நேரம் தாங்கணும், அவ்வளவுதான் வித்தியாசம். ரெண்டாம் நாள் சாயங்காலம் முட்டிச்சிப்பிக்குக் கீழ வர்ற வலிக்கு முக்கால்வாசி இதுதான் காரணம்.

அதே 7.5 சதவீதம், அதே 60 சுத்து, கியரை மட்டும் மாத்திப் பாருங்க:

34/34: 7.8 கிமீ வேகம், 180 வாட்
30/34: 6.8 கிமீ, 160 வாட்
24/34: 5.5 கிமீ, 125 வாட்

12 சதவீத இடத்துல 34/28-ல 60 சுத்து வேணும்னா 340 வாட். அது நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அஞ்சு பத்து நிமிஷத்துக்கு மேல வராது. 30/34-ல 50 சுத்துக்கு 200 வாட், பல்லைக் கடிச்சுட்டு ஏறிடலாம்.

இப்போ என்ன மாத்தலாம்னு பார்ப்போம். உங்க கிராங்க் (பெடல் கை) அநேகமா 110 மிமீ போல்ட் வட்டம் (ரிங்கை மாட்டுற போல்ட்டுகள் உட்காருற வட்டம்) கொண்டதா இருக்கும். அதுல 33 பல்லுக்குக் கீழ எந்த ரிங்கும் உட்காராது. அதனால உள் ரிங்கை மட்டும் மாத்துற யோசனை வேண்டாம், கிராங்கையே 46/30-ஆ மாத்துங்க. முன் டிரெய்லியர் (செயினை ஒரு பல்சக்கரத்துலேர்ந்து இன்னொண்ணுக்குத் தள்ளுற கருவி) அதுவே போதும், கீழே இறக்கி மாட்டணும்: வெளித் தகட்டுக்கும் பெரிய ரிங் பல் நுனிக்கும் இடைவெளி 1–3 மிமீ. இறக்கும்போது கூண்டோட வால் செயின்ஸ்டேல (பின் சக்கரத்துக்குப் போற கீழ்க் குழாய்) இடிக்குதான்னு பார்த்துடுங்க, சில ஃபிரேம்ல இடிக்கும். பெரிய ரிங் 50-லேர்ந்து 46-ஆ குறையுதேன்னு வருத்தப்பட ஒண்ணுமில்லை. 46/11-ல 90 சுத்து மிதிச்சா மணிக்கு 48 கிமீ; சுமையோட இறங்கும்போது அதுக்கு மேல மிதிக்கவே வேண்டியதில்லை.

பின்னால 11-34 கேசட். இப்போ இருக்கிற குட்டைக் கூண்டு பின் டிரெய்லியர் தாங்காது. தேவையான கொள்ளளவு, அதாவது கூண்டு இழுத்துப் பிடிக்க வேண்டிய செயின் தளர்வு, (46−30) + (34−11) = 39 பல். நீளக் கூண்டு வேணும். எதை வாங்குறதுங்கிறது ஷிஃப்டரை (கியர் மாத்துற லீவர்) பொறுத்தது. ஷிமானோ ரோடு 10 ஸ்பீட்ல 4600, 5700, 6700 மாதிரி பழைய வரிசைன்னா ஷிமானோ 9 ஸ்பீட் மலைவண்டி டிரெய்லியர் அப்படியே பொருந்தும், ஒயர் இழுக்கிற விகிதம் ஒண்ணுதான். ஷிமானோவோட டியாக்ரா 4700-ன்னா பொருந்தாது. அதுக்கு ஷிமானோ ஜிஆர்எக்ஸ் 400 வரிசை 10 ஸ்பீட் டிரெய்லியர் வாங்குங்க. 10 ஸ்பீட் மலைவண்டி டிரெய்லியர் ரெண்டுக்குமே சேராது. வாங்குறதுக்கு முன்னாடி ஷிஃப்டர் அடியில இருக்கிற எண்ணைப் படிச்சுச் சொல்லுங்க.

---

மேகநாடி

மலையில் நாளைக் கிலோமீட்டரால் அளக்காதீர்கள், உயரத்தால் அளங்கள். பல்சக்கரம் சொன்ன கியர் மாற்றத்துக்குப் பிறகு, 130 வாட் அளவில் மிதித்தால் மணிக்கு 400 மீட்டர் உயரம் ஏறலாம். 1450 மீட்டருக்கு 3.6 மணி நேரம் போய்விடும். சராசரி 7 சதவீதம் என்றால் அதற்குள் ஓடியது 21 கிமீ மட்டுமே. இறக்கம் இன்னொரு 21 கிமீ. வளைவும் மோசமான தாரும் உள்ள ரோட்டில் சராசரி 25 கிமீதான் கிடைக்கும், அதற்கு 50 நிமிடம். மீதி 28 கிமீ ஏறி இறங்கும் சமதளம், ஒன்றே முக்கால் மணி நேரம். சக்கரம் சுற்றும் நேரம் மட்டும் ஆறு மணிக்கு மேல். மூன்றில் ஒரு பங்கு நிற்பதற்குச் சேர்த்தால் எட்டு மணி நேரம்.

ஒரு நாளைக்கு இது முடியும். ஆறு நாளும் தொடர்ந்து முடியாது. முதல் இரண்டு நாள் 45–50 கிமீ, 900–1000 மீட்டர் என்று வையுங்கள். பெரிய ஏற்றத்தை மூன்றாம் நாள் வையுங்கள், அன்று வேறு ஏற்றம் எதுவும் வேண்டாம். மறுநாள் அரை நாள் மட்டும்.

வரைபடச் செயலி காட்டும் மொத்த ஏற்றத்தை அப்படியே நம்ப வேண்டாம். அது நிலப்பரப்பு உயரத் தரவிலிருந்து கணக்கிடுகிறது. ஒடுங்கிய பள்ளத்தாக்கில் மலையைக் குடைந்து, சரிவை ஒட்டிப் போகும் ரோட்டில் கோடு பத்து மீட்டர் தள்ளி விழுந்தாலும் உயரம் தாறுமாறாகக் குதிக்கும். சுரங்கப்பாதை இருந்தால் மேலே உள்ள மலையையே ஏறியதாகக் காட்டும். நீங்கள் பார்த்த 12 சதவீதத்தில் சில இடங்கள் இப்படிப் பொய்யாக இருக்கலாம். சமஉயரக் கோடுகளை வைத்துச் சரிபாருங்கள்: கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் என்றால், ரோடு ஐந்து கோடு தாண்ட எடுக்கும் தூரம் ஒரு கிமீ ஆனால் சரிவு 10 சதவீதம். ஆற்றை ஒட்டிப் போகும் ரோட்டில் இதற்கு நேர்மாறான ஏமாற்று உண்டு. வரைபடத்தில் தட்டையாகத் தெரியும். உண்மையில் ஒவ்வொரு ஓடைக்கும் இறங்கி ஏறும். அந்த 15 மீட்டர், 20 மீட்டர் எல்லாம் கோடுகளுக்கு நடுவே மறைந்துவிடும்.

காற்று. தெளிந்த நாளில் வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கில் காற்று மேல்நோக்கி வீசும், பிற்பகலில்தான் அது உச்சம். இரவில் திரும்பிக் கீழ்நோக்கி, அதைவிட மெலிதாக. எனவே நீண்ட பள்ளத்தாக்கிலிருந்து கீழே வெளியேறும் நாளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்; பிற்பகலில் அதே இறக்கத்தில்கூட மிதித்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். ஏறுவதற்குப் பிற்பகல் காற்று முதுகைத் தள்ளும் என்று கணக்குப் போடலாம், ஆனால் இடிமழை கட்டுவதும் அதே நேரத்தில்தான். கணவாயின் உச்சியை மதியத்துக்கு முன் தாண்டிவிடுவது என்ற விதிக்குத்தான் என் ஓட்டு. காற்று உதவாவிட்டால் அரை மணி நேரம் நஷ்டம். உச்சியில் மின்னலில் மாட்டிக்கொண்டால் ஒதுங்க இடம் கிடையாது.

உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் 24 என்றால் உங்கள் உச்சியில் 17. ஏறும்போது இதமாக இருக்கும். வியர்த்த சட்டையோடு 40 கிமீ வேகத்தில் இறங்கும்போது விரல் விறைத்துப் பிரேக்கைப் பிடிக்க முடியாமல் போகும். காற்றுத் தடுப்புச் சட்டையும் முழுக் கையுறையும் பையின் மேலேயே இருக்கட்டும். உச்சியில் நிற்கும்போதே மாட்டிக்கொள்ளுங்கள், குளிர ஆரம்பித்த பிறகல்ல. கூடாரம் போடுவதாக இருந்தால் பள்ளத்தாக்கின் அடித்தரையைத் தவிருங்கள். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் வழிந்து அங்கே தேங்கும், விடியலில் பனிமூட்டமும் அங்கேதான். முப்பது நாற்பது மீட்டர் மேலே உள்ள திட்டு பெரும்பாலும் கதகதப்பாக இருக்கும்.

பாதை 3000 மீட்டருக்கு மேல் போவதானால் கணக்கே வேறு: தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு. தலைவலியோடு குமட்டலும் வந்தால் மேலே ஏறுவதை நிறுத்த வேண்டும். அதைவிடக் கீழே என்றால் இதை விட்டுவிடலாம்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர். ஏறும்போது வண்டியின் வேகம் குறைவு என்பதால் காற்று படாது, வியர்வை சமவெளியைவிட அதிகம். மாவுச்சத்து மணிக்கு 30–60 கிராம், பசி எடுக்கும்வரை காத்திருக்காமல்.

---

ஒற்றைமிதி

இறக்கத்துக்கு ரொம்ப யோசிக்காதீங்க. ரெண்டு பிரேக்கையும் லேசா பிடிச்சுக்கிட்டே, வேகம் 25–30-ஐத் தாண்டாம இறங்கிட்டே இருங்க. வேகம் ஏறினாத்தானே ஆபத்து.

---

இறக்கவாசி

ஒற்றைமிதி, மன்னிக்கணும், ரிம் பிரேக்குக்கு இதைவிட மோசமான வேகம் கிடையாது. ஏனென்று எண்ணிலேயே காட்டுகிறேன்.

100 கிலோ, 8 சதவீத இறக்கம். சரிவு இழுக்கும் விசையில் டயர் உராய்வு போக மிஞ்சுவது சுமார் 72 நியூட்டன். அதைக் காற்றுத் தடையும் பிரேக்கும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பக்கப்பைகளோடு நிமிர்ந்து உட்கார்ந்தவருக்கு, ஒரே சீரான வேகத்தில் பிரேக் வாங்கும் வெப்பம் இப்படி வரும்:

10 கிமீ வேகத்தில் 190 வாட்
20 கிமீ வேகத்தில் 340 வாட்
30 கிமீ வேகத்தில் 390 வாட்
40 கிமீ வேகத்தில் 300 வாட்
45 கிமீ வேகத்தில் 200 வாட்
50 கிமீ வேகத்தில் ஏறக்குறைய சுழி

முப்பதுதான் உச்சி. அதற்குக் கீழே போனால் நேரம் கூடுகிறது, ஒரு வினாடிக்கு விழும் வெப்பம் குறைகிறது. மேலே போனால் வேலையைக் காற்று எடுத்துக்கொள்கிறது. 12 சதவீதத்தில் அந்த உச்சி 36 கிமீ வேகத்தில், 750 வாட். ஒரு சின்ன தண்ணீர் ஹீட்டரை இரண்டு ரிம்மில் கட்டிவிட்ட கதைதான்.

ஆகவே நேரான, பார்வை எட்டுகிற, தரமான தாரில் வண்டியை விடுங்கள். நெஞ்சை நிமிர்த்திக் காற்றை வாங்குங்கள். வளைவுக்கு முன்னால், வண்டி இன்னும் நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுக்க விட்டுவிட்டுத் திரும்புங்கள். பிடித்தால் பிடி, விட்டால் முழுசாக விடு. முன் பிரேக்குக்குப் பயந்து பின்னால் மட்டும் பிடிப்பவர்களுக்குப் பின் ரிம் ஒன்றே எல்லாச் சூட்டையும் வாங்குகிறது. ரோடு உடைந்திருந்தாலோ மண்ணாக இருந்தாலோ வேகமாக விட முடியாது. அப்போது 10–12 கிமீக்கு வந்துவிடுங்கள். நடுவில் உள்ள வேகம் எதற்கும் உதவாது. செங்குத்தான இறக்கம் நீளமாக இருந்தால், 150–200 மீட்டர் உயரம் இறங்கியதும் நின்று ரிம்முக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட முடியாத சூடு என்றால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

டியூப் வெடிப்பதைப் பற்றி. எல்லோரும் காற்றழுத்தம் எகிறி வெடிக்கிறது என்கிறார்கள். 20 டிகிரியில் 60 பிஎஸ்ஐ அடித்த டயர் 80 டிகிரிக்குப் போனால் அழுத்தம் 75 ஆகும், அவ்வளவுதான். நல்ல டயர் அதற்கே கழலாது. உண்மையில் தோற்பது மூன்று இடம். ரிம்முக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பட்டை சூட்டில் இளகி ஸ்போக்ஸ் துளைக்குள் இறங்கும், அதோடு டியூபும் இறங்கிக் கிழியும். வெடித்த டியூபில் ஓட்டை உள்வளையப் பக்கம் இருந்தால் காரணம் இதுதான். பழைய பேட்ச்சின் சொல்யூஷன் இளகும். டயரின் விளிம்பு ஏற்கெனவே சரியாக உட்காராத இடத்தில் பிதுங்கும். துணிப் பட்டைக்கு மாற்றுங்கள், பேட்ச் போடாத டியூபோடு கிளம்புங்கள், டயர் ஓரக் கோடு சுற்றிலும் ரிம்மிலிருந்து ஒரே அளவில் தெரிகிறதா பாருங்கள். முதல் இரண்டு தொல்லையும் அத்தோடு தீர்ந்தது.

கிளம்பும் முன் ரிம்மின் பிரேக் பரப்பில் ஓர் அளவுகோலின் விளிம்பை வைத்துப் பாருங்கள். நடுவில் குழிந்து வெளிச்சம் தெரிந்தாலோ, தேய்மானக் கோடு மறைந்திருந்தாலோ அந்த ரிம்மை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். சுவர் மெலிந்த ரிம் இறக்கத்தில்தான் பிளக்கும், முன்கூட்டிச் சொல்லாது.

மழையில் முதல் ஒன்றிரண்டு சுற்றுக்கு ரிம் பிரேக் ஒன்றுமே செய்யாது, தண்ணீரை வழித்துவிட்டுத்தான் பிடிக்கும். எனவே வளைவுக்கு வெகு முன்பே லேசாக உரசவிட்டு உலர்த்திக்கொள்ளுங்கள். ஈர மணல் அலுமினியத்தைச் சுரண்டி, அந்தத் துகள் பிரேக் கட்டையில் பதியும். கரகர சத்தம் அதுதான். மாலையில் சக்கரத்தைக் கழற்றி ஊசி முனையால் தோண்டி எடுத்துவிடுங்கள். விட்டால் மறுநாள் ரிம்மில் வரிவரியாகப் பள்ளம் விழும்.

கேண்டிலீவர் என்பதால் இன்னும் ஒன்று: கட்டை தேயத் தேய அது ரிம்மின் கீழ்ப்பக்கமாக நழுவி இறங்கும். கட்டையின் மேல் விளிம்பு டயரைத் தொடாமல், கீழ் விளிம்பு ரிம்முக்கு வெளியே தொங்காமல் இருக்கிறதா என்று தினமும் ஒரு பார்வை பாருங்கள். லீவரை முழுப் பலத்தோடு அழுத்தினாலும் ஹேண்டிலுக்கு இரண்டு விரல் இடைவெளி மிஞ்ச வேண்டும். லீவருக்குள் ஒயரின் குண்டுமுனை உட்காரும் இடத்தைப் பிதுக்கிப் பாருங்கள். ஓர் இழை பிரிந்திருந்தாலும் ஒயரை மாற்றுங்கள்.

---

ஒற்றைமிதி

30-ல அதிகம்னு இதுவரைக்கும் தெரியாது. கணக்கு சரியா இருக்கு, வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா 45-ல விடுறதுக்கு ரோடும் தைரியமும் ரெண்டும் வேணும், புதுசா வர்றவங்க 10–12 வழியையே பிடிக்கட்டும்.

---

ஆரக்கால்

ஹேண்டில் ஆடுற விஷயத்துக்கு வர்றேன், அதைச் சரி பண்ணாம இறக்கவாசி சொன்ன 45-ஐ நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க.

சாமான் முழுக்கப் பின்னால, அதுவும் உயரத்துல இருந்தா ஃபிரேம் முறுக்கி முறுக்கி விடும். ஒரு குறிப்பிட்ட வேகத்துல அந்த முறுக்கலும் முன் சக்கரத்தோட ஆட்டமும் சேர்ந்துக்கும். முதல்ல தளர்வைத் தேடுங்க. முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு வண்டியை முன்னும் பின்னும் அசைச்சா ஹெட்செட்ல (ஹேண்டில் திரும்புற பேரிங்) 'டக்'னு சத்தம் வருதா? கேரியரைக் கையால பக்கவாட்டுல ஆட்டினா நகருதா? பையோட கொக்கி கேரியர் கம்பியில லொடலொடன்னு இருக்கா? இது மூணும் இறுக்கமா இருந்தும் ஆடுதுன்னா சுமையைப் பிரிக்கணும். 17 கிலோல தண்ணி 2 கிலோ ஃபிரேம்ல இருக்கட்டும், 6 கிலோ முன் ஃபோர்க்ல தாழ்வா மாட்டுற கேரியர்ல, 9 கிலோ பின்னால. கனமானது எல்லாம் பையோட அடியில, அச்சுக்குக் கிட்ட. கேரியர் மேல்தட்டுல கூடாரம் மாதிரி லேசானது மட்டும். முன் சுமைக்கு இன்னொரு லாபம், 12 சதவீத ஏத்தத்துல முன் சக்கரம் தூக்காது.

ஓடும்போது ஆட்டம் வந்துட்டா ஹேண்டிலை இறுக்கிப் பிடிச்சா இன்னும் கூடும். முட்டி ரெண்டையும் மேல் குழாயோட அணைச்சு, சீட்லேர்ந்து உடம்பை லேசா தூக்கி, மெதுவா வேகத்தைக் குறைங்க. அடங்கிடும்.

டயர்: ஃபிரேம்ல ரெண்டு பக்கமும் 4 மிமீ இடைவெளி மிஞ்சும்னா 38-க்குப் போங்க. உங்க எடைக்குப் பின்னால 50 பிஎஸ்ஐ, முன்னால 42 அளவுல ஆரம்பிச்சு ரெண்டு மூணு பிஎஸ்ஐ ஏத்தி இறக்கிப் பாருங்க. மண்பாதையில கல் டயரை அமுக்கி ரிம்மைத் தட்டுற உணர்வு வந்தா காற்று போதலை.

ஸ்போக்ஸ் உடையுறதுன்னா பின் சக்கரத்துல கேசட் பக்கம், ஹப் கழுத்து வளைவுல உடையும். பாரத்தால இழுபட்டு உடையுறதா பலர் நினைக்கிறாங்க. இழுவிசை குறைவா இருந்து, ஒவ்வொரு சுத்துக்கும் தளர்ந்து இறுகித் தளர்ந்து இறுகி, களைச்சு உடையுறதுதான் வழக்கம். அதனால கிளம்புறதுக்கு முன்னாடி வீல் கட்டத் தெரிஞ்சவர்கிட்ட கொடுத்து இழுவிசையைச் சமமாக்கி வாங்குங்க. உதிரியா அந்தப் பக்க நீளத்துல மூணு ஸ்போக்ஸ், செயின்ஸ்டேல டேப் போட்டு ஒட்டிடுங்க. கேசட் கழட்டுற சாவி இல்லாம அந்தப் பக்கம் மாட்ட முடியாது. சாவி தூக்க மனசில்லைன்னா நார் ஸ்போக்ஸ் ஒண்ணு வாங்கிக்கோங்க, கேசட்டைக் கழட்டாமலே கோத்துடலாம். ரோட்டுல ஒண்ணு உடைஞ்சா: உடைஞ்ச துண்டைப் பக்கத்து ஸ்போக்ஸ்ல சுத்துங்க. கோணல் பிரேக் கட்டையில இடிச்சா, உடைஞ்சதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற, எதிர்ப்பக்க ஹப்புக்குப் போற ஸ்போக்ஸ் ரெண்டையும் அரைச் சுத்து தளர்த்துங்க. அப்புறமும் இடிச்சா மட்டும் பிரேக் ஒயரைக் கொஞ்சம் விடுங்க, அந்தப் பிரேக்கை நம்பி செங்குத்துல இறங்காதீங்க.

உதிரி சாமான்ல ஆசைக்கு அளவு கிடையாது, நானே சுருக்கிடுறேன். டியூப் ரெண்டு, பேட்ச் டப்பா, பழைய டயர் பக்கச்சுவர்லேர்ந்து வெட்டின 5×8 செமீ துண்டு ஒண்ணு (டயர் கிழிஞ்சா உள்ளே வைக்க), பம்ப். 10 ஸ்பீட் மிஸ்ஸிங் லிங்க் (செயின் முனைகளைக் கோக்கிற கண்ணி) ரெண்டு, செயின் கட்டர். பிரேக் ஒயர் ஒண்ணு, பின் கியர் ஒயர் ஒண்ணு. பிரேக் கட்டை ஒரு ஜோடி, மழைக்காலம்னா ரெண்டு ஜோடி. கேரியருக்கு எம்5 போல்ட் 16 மிமீ நீளத்துல நாலு, ஒரு ஹோஸ் கிளாம்ப், பத்து ஜிப் டை. போல்ட்டை நூல்பூட்டுப் பசை (மரை தளராம பிடிக்கிற பசை) தொட்டு இறுக்கி, தினமும் காலையில அலென் கீயால தொட்டுப் பாருங்க. தளர்ந்த போல்ட்தான் தலை அறுந்து மரையை உள்ளே விட்டுட்டுப் போகும். ஹேங்கர் (பின் டிரெய்லியர் தொங்குற துண்டு) உதிரி வாங்குறதுக்கு முன்னாடி ஃபிரேமைப் பாருங்க. குரோமோலியில பாதிக்கு மேல ஹேங்கர் ஃபிரேமோட ஒண்ணாவே இருக்கும். அப்படின்னா உதிரியே கிடையாது, வளைஞ்சா நிமிர்த்தணும்.

---

சமவெளிக்காரன்

எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்கு கிடைத்தது, நன்றி. ஷிஃப்டர் எண் 4600. ஹேங்கர் ஃபிரேமோடு சேர்ந்ததுதான். 46/30 கிராங்க், 11-34 கேசட், 9 ஸ்பீட் நீளக் கூண்டு டிரெய்லியர் என்று முடிவு செய்துவிட்டேன். பழைய செயினையே போடலாமா? மாட்டிய பிறகு எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்? முதல் இரண்டு நாளை 48 கிமீயாகக் குறைத்துவிட்டேன்.

இன்னொன்று, ஏற முடியாத இடத்தில் தள்ளிக்கொண்டு போவது எவ்வளவு நேரத்தைத் தின்னும்?

---

மேகநாடி

தள்ளுவதில் வெட்கம் வேண்டாம், நேரமும் அதிகம் போகாது. சுமையோடு தள்ளினால் மணிக்கு 3–4 கிமீ. 12 சதவீதத்தில் 30/34-ல் நீங்கள் ஓட்டப்போவதே 5.5 கிமீதான். 500 மீட்டர் தள்ளினால் நஷ்டம் மூன்று நான்கு நிமிடம், முட்டிக்கு ஓய்வும் கிடைக்கும். செயின் இல்லாத பக்கம் நின்று, ஒரு கையை ஹேண்டிலிலும் மற்றதைச் சீட்டின் பின்னாலும் வையுங்கள். மூச்சு வாங்க நிற்கும்போது முன் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவில் உள்விளிம்புதான் செங்குத்து. எதிரே வண்டி வராதது நிச்சயமாகத் தெரியும் இடத்தில் மட்டும் அகலமாகச் சுற்றி ஏறுங்கள், தெரியாத இடத்தில் இறங்கித் தள்ளுங்கள்.

---

பல்சக்கரம்

4600-ன்னா நல்லது, தேர்வு சரி. பழைய செயின் வேண்டாம், ரெண்டு காரணம். புது கேசட்ல தேய்ஞ்ச செயின் ஏத்தத்துல பல் தாண்டும். அளந்து பார்க்கணும்னா, 12 அங்குலத்துக்கு உள்ள கண்ணிகள் புதுசுல 304.8 மிமீ இருக்கும், 306.4 தொட்டிருந்தா தூக்கிப் போடுங்க. தேயலைன்னாலும் நீளம் பத்தாது: பின்னால 6 பல் கூடுது, முன்னால 4 குறையுது, நிகரமா அரை அங்குலம் கூடும். செயினை அரை அங்குலமா கூட்ட முடியாது, ஒரு அங்குலமாத்தான்.

புதுச் செயின் அளவு: டிரெய்லியர்ல நுழைக்காம 46-லயும் 34-லயும் நேரா சுத்துங்க, ரெண்டு முனையும் சேர்ற இடத்துலேர்ந்து ஒரு அங்குலம் (ஓர் உள்கண்ணி, ஒரு வெளிக்கண்ணி) கூட்டி வெட்டுங்க. இதுல கஞ்சத்தனம் பண்ணினா, களைப்புல தெரியாம 46/34-க்கு ஒருதடவை போட்டாலே போதும், டிரெய்லியர் இழுபட்டு ஹேங்கரோட வளைஞ்சுடும். நீளமா விட்டா 30/11-ல செயின் தொங்கும், அந்தக் கியர் யாருக்கும் வேண்டாம்.

மாட்டின பிறகு ஸ்டாண்ட்ல வச்சு 30/34-ல பின்னாடி சுத்திப் பாருங்க. டிரெய்லியரோட மேல் உருளை 34 பல்லை உரசினா பி ஸ்க்ரூவை (இந்த இடைவெளியை மாத்துற ஸ்க்ரூ) முறுக்கி 5–6 மிமீ இடைவெளி கொண்டுவாங்க.

அடுத்தது எல் ஸ்க்ரூ, டிரெய்லியர் ஸ்போக்ஸ் பக்கம் எவ்வளவு தூரம் போகலாம்னு நிறுத்துறது. இதுல விளையாடாதீங்க. ஏத்தத்துல முழு பலத்தோட மிதிக்கும்போது கடைசிப் பல்சக்கரத்தைத் தாண்டி செயின் ஸ்போக்ஸ் பக்கம் விழுந்தா, அஞ்சாறு ஸ்போக்ஸ் வெட்டுப்பட்டு டிரெய்லியரும் சுருண்டுடும். 34-ல இருக்கும்போது டிரெய்லியரைக் கட்டைவிரலால ஸ்போக்ஸ் பக்கம் பலமா தள்ளுங்க. நகரவே கூடாது. நகர்ந்தா எல் ஸ்க்ரூவைக் கால் சுத்து உள்ளே. வண்டி ஒருதடவை வலப்பக்கமா சாய்ஞ்சு விழுந்தா, அடுத்த ஏத்தத்துக்கு முன்னாடி இதே சோதனையைத் திரும்பப் பண்ணுங்க. பின்னாலேர்ந்து பார்த்தா கூண்டு பல்சக்கரத்துக்கு இணையா நிக்கணும், கீழ்ப்பக்கம் சக்கரத்துக்குள்ள சாய்ஞ்சிருந்தா ஹேங்கர் வளைஞ்சிருக்கு. இரும்புதானே, டிரெய்லியர் போல்ட்ல 5 மிமீ அலென் கீயை நல்லா உள்ளே செருகி நெம்புகோலா வச்சு மெதுவா வெளிப்பக்கம் இழுக்கலாம், ஒரே திசையில, கொஞ்சம் கொஞ்சமா. முன்னும் பின்னுமா வளைச்சா விரிசல் விடும்.

பின் கியர் ஒயர் நடுவழியில அறுந்தா டிரெய்லியர் 11-க்கு ஓடிடும், அந்தக் கியர்ல மலை ஏற முடியாது. புது ஒயர் போட நேரமோ வெளிச்சமோ இல்லைன்னா, டிரெய்லியர் பக்கம் மிச்சமிருக்கிற ஒயரைக் கையால இழுத்து, செயின் நடுவுல ஒரு பெரிய பல்சக்கரத்துல உட்கார்ந்ததும், ஒயர் முனையைத் தண்ணி பாட்டில் கூண்டு போல்ட்டுக்கு அடியில சுத்தி இறுக்குங்க. முன் ரிங் ரெண்டும் வேலை செய்யும், அன்னிக்கு ரெண்டு கியர் வண்டி.

எல்லாம் முடிஞ்சதும் 17 கிலோவையும் ஏத்தி, கிடைக்கிற செங்குத்தான மேட்டுல 30/34-ல நின்னு மிதிச்சுப் பாருங்க. புது ஒயர் முதல் 50 கிமீக்குள்ள இழுபட்டுத் தளரும், ஷிஃப்ட் தயங்கினா டிரெய்லியர்ல இருக்கிற பேரல் அட்ஜஸ்டரை (ஒயரை இறுக்குற திருகு) இடப்பக்கமா கால் கால் சுத்தா திருப்புங்க.